சத்தம் கேட்ட பிறகு பேசவும்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பரணில் கிடந்த பழைய காகிதக் கட்டுகளை இறக்கியபோது, சணல் கயிறு கட்டிய ஒரு கட்டுக்குள் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று அகப்பட்டது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் 'குரல் பெட்டிகள் – பதிவேடு' என்று தலைப்பு. கீழே கட்டம் போட்டு நாலு பத்திகள்: பெட்டி எண், பதவி, வரவேற்புக் குரல் பதிவான தேதி, கையொப்பம். மொத்தம் 24 பெட்டிகள். ஓரத்தில் சிவப்பு மையில் ஐந்தாவதாக ஒரு பத்தி பிற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் தலைப்பு 'திறப்பவர்'.

அந்த ஐந்தாவது பத்தி எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், ஆள் இல்லாத இடத்தில் குரலை வைத்துவிட்டுப் போகும் இந்த ஏற்பாடு உலகத்தில் எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி அங்கங்கே படித்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவருக்கு எடிசன் பெயரைச் சொன்னால் கோபம் வரும். "கிராமபோனை முதலில் யோசித்தது எங்கள் ஆள்" என்பார். அவர் சொன்ன ஆள் ஷார்ல் குரோ என்ற கவிஞர். கவிஞர் என்றாலும் விஞ்ஞானத்தில் மோகம் உள்ளவர். காது கேளாதோர் பள்ளியில் சிறிது காலம் வேலை பார்த்தவர். குரலைப் பதிவு செய்து திரும்பக் கேட்கும் முறையை எழுதி, உறையில் போட்டு முத்திரை வைத்து, 1877 ஏப்ரலில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் ஒப்படைத்தார். கருவியைச் செய்து பார்க்க அவரிடம் பணம் இல்லை. டிசம்பரில் அந்த உறையைப் பிரித்துப் படித்தார்கள். அதே டிசம்பரில் அமெரிக்காவில் எடிசன் கருவியையே செய்து பேச வைத்துவிட்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல, இருவரும் தனித்தனியாக யோசித்ததுதான். ஆனால் ஒருவருடைய யோசனை உறைக்குள் இருந்தது, இன்னொருவருடையது மேசைமேல் பேசியது. உறை பிரிக்கப்படும்வரை காகிதத்துக்கு மதிப்பில்லை என்பதை முப்பது வருஷம் தபால் பிரிவிலும் பைல்களிலும் கழித்த என்னைவிட யார் நன்றாக உணர முடியும்?

எடிசன் தம் கருவி எதற்கெல்லாம் உதவும் என்று 1878ல் ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார். முதலில் வருவது பாட்டல்ல. கடிதம் சொல்லி எழுத வைப்பதும், சுருக்கெழுத்தர் இல்லாமல் வேலை நடப்பதும்தான். பட்டியலின் கடைசியில் தொலைபேசி வருகிறது. தொலைபேசியில் வரும் பேச்சு காற்றோடு போகாமல் நிலையான பதிவாக இருக்க இந்தக் கருவி துணை செய்யும் என்று எழுதியிருந்தார். ஆக, பேசும் பெட்டி பிறந்தபோதே ஆபீஸ் வேலைக்கென்றுதான் நேர்ந்துவிடப்பட்டது.

அதை உண்மையிலேயே தொலைபேசிக்குப் பொருத்திப் பார்த்தவர் டென்மார்க்காரர். வால்டமார் பூல்சன் என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆள் இல்லாத நேரத்தில் அழைப்பு வந்தால் சொன்ன சேதியைப் பிடித்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார். உருளையில் எஃகுக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் மின்காந்தத்தை ஓடவிட்டு, குரலைக் கம்பியில் காந்தமாகப் பதிய வைத்தார். 1898ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தக் கருவி பெரும் பரிசு வாங்கியது. அந்த வருஷம் பதிவான ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் இன்றும் பத்திரமாக இருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் காந்தப் பதிவுகளில் அதுதான் மிகப் பழையது. பிற்காலத்து டேப் ரிக்கார்டர், கேசட், கம்ப்யூட்டர் டிஸ்க் எல்லாம் அந்தக் கம்பியின் வாரிசுகள்.

ஆனாலும் பூல்சன் கருவி வீடுகளுக்கு வரவில்லை. ஒலியைப் பெருக்கும் வழி அப்போது கிடையாது. பதிவான குரல் ஈனசுரத்தில்தான் கேட்கும். பிற்பாடு பெருக்கி வந்த பிறகு வேறொரு தடை. அமெரிக்காவில் ஏடி அண்டு டி கம்பெனியின் ஆய்வகத்தில் 1930களிலேயே அழைப்பைப் பதியும் கருவியைச் செய்திருந்தார்கள். கம்பெனி அதை வெளியே விடவில்லை. பேச்சு பதிவாகும் என்று தெரிந்தால் ஜனங்கள் தொலைபேசியில் பேசவே பயப்படுவார்கள் என்று மேலிடத்துக்குக் கவலை. வெளியார் கருவியைத் தங்கள் லைனில் மாட்டவும் சம்மதிக்கவில்லை. 1968ல் கார்ட்டர்போன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான், லைனுக்குக் கெடுதல் செய்யாத கருவியை யாரும் மாட்டலாம் என்றாயிற்று. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பதில் சொல்லும் மெஷின்கள் வந்தன.

பிரெஞ்சில் அந்த மெஷினுக்கு 'ரெப்போந்தேர்' என்று பெயர். பதில் சொல்பவர் என்று அர்த்தம். எனக்கு அதோடு முதல் பரிச்சயம் நம் ஊர் எஸ்.டி.டி. பூத்தில்தான்.

1990 வாக்கில் எங்கள் தெருமுனையில் பூத் வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் ஊரில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து துலோனில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பூத்திலிருந்து பதறியடித்து என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் வாங்க. அவன் குரல்தான் கேக்குது. ஆனா வேற யார்கிட்டயோ பேசறான். நான் கூப்பிடக் கூப்பிடக் காதுலயே வாங்க மாட்டேங்கறான்."

போய் மறுபடி எண்ணைப் போட்டுக் காதில் வைத்தேன். நாலு மணி அடித்ததும் மகன் குரல் பிரெஞ்சில் வந்தது. தான் வீட்டில் இல்லை, பீப் சத்தத்துக்குப் பிறகு சேதி சொல்லவும் என்றது.

"அம்மா, அது மெஷின். அவன் வெளியே போயிருக்கான்."

"மெஷின்னா அவன் குரல்ல எப்படித் தம்பி பேசும்?"

நியாயமான கேள்வி. விளக்கிச் சொல்ல நேரமில்லை, மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் எடுத்தாலும் எடுத்ததுதான், காசு காசுதான். "இப்ப பேசுங்க" என்று ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். கடலுக்கு அப்பால் கேட்க வேண்டும் என்று, பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில், "நான் நல்லா இருக்கேன்டா. சாப்பிட்டியா?" என்றார். பிறகு பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வரவில்லை. கட்டணத்தைக் கொடுத்துவிட்டு முகம் சுண்டி வீட்டுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அழைத்துப் போனேன். இந்தத் தடவையும் ரெப்போந்தேர்தான். ஆனால் பிரெஞ்சு முடிந்ததும் தமிழில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "அம்மா, நீயா இருந்தா, சத்தம் கேட்டப்புறம் பேசு. ராத்திரி வந்து கேட்டுட்டு, நாளைக்குப் பூத்துக்குக் கூப்பிடறேன்." அந்த அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், வீட்டுச் சமாசாரம் எல்லாம் சொன்னார். மறுநாள் சொன்னபடி கூப்பிட்டான். யார் கேட்கப் போகிறார்களோ அவர்களுடைய பாஷையில் பேச வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். ராணுவத்துப் பையன் எங்களுக்கு முன்னாலேயே அதைத் தெரிந்து வைத்திருந்தான்.

வீட்டு மெஷின் ஒரு லைனுக்கு ஒன்று. ஆபீசுக்கு அது சரிப்படாது. நூறு பேர் இருக்கும் இடத்தில் நூறு மெஷினா வைப்பது? அதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரைச் சேர்ந்த கார்டன் மேத்யூஸ். ஒரு கம்பெனிக்குப் போயிருந்தபோது குப்பைத் தொட்டி நிறைய இளஞ்சிவப்புச் சீட்டுகளைப் பார்த்தார் என்பார்கள். 'நீங்கள் வெளியே போயிருந்தபோது இன்னார் கூப்பிட்டார்' என்று காரியதரிசிகள் எழுதி வைக்கும் சீட்டுகள் அவை. இவர் கூப்பிட்டால் அவர் இல்லை, அவர் கூப்பிட்டால் இவர் இல்லை. இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவு கட்ட ஒரு கம்ப்யூட்டரையே தபால்காரனாக்கினால் என்ன என்று யோசித்தார்.

அவர் அமைத்த முறைதான் பின்னால் எல்லோரும் எடுத்துக்கொண்டது. குரலை எண்களாக மாற்றி டிஸ்கில் வைப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி எண். எங்கிருந்தும் எந்தத் தொலைபேசியிலும் ரகசிய எண்ணை அழுத்தித் தன் பெட்டியைத் திறப்பது. வந்த சேதியை இன்னொருவர் பெட்டிக்குத் தள்ளுவது, ஒரே சேதியைப் பத்துப் பேருக்கு அனுப்புவது. 1979ல் விண்ணப்பித்து 1983ல் காப்புரிமை பெற்றார். விஎம்எக்ஸ் என்ற அவருடைய கம்பெனி முதலில் விற்றது 3எம் நிறுவனத்துக்கு. முதல் வரவேற்புக் குரலைப் பதிவு செய்து கொடுத்தவர் அவர் மனைவி மோனிகா.

அதே காலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஸ்டீபன் பாய்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் 1973 முதலே இந்த வேலையில் இருந்தார்கள். அதிகாரிகள் கடிதம் சொல்லிப் பதிந்தால் தட்டச்சர் எழுதிக்கொள்ள உதவட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். எடிசன் பட்டியலின் முதல் இனம்! ஆனால் கருவி கைக்கு வந்ததும் அதிகாரிகள் கடிதம் சொல்லவில்லை, ஒருவருக்கொருவர் குரலையே அனுப்பிக்கொண்டார்கள்.

அந்தக் குழு செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 140 நாடுகளிலிருந்து வந்த விளையாட்டு வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் பெட்டி. தன் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடு, குடும்பப் பெயர், ரகசிய எண் மூன்றையும் தொலைபேசிப் பொத்தான்களில் அழுத்தினால் தன் பெட்டி திறக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா சொன்ன சேதியைக் கேட்கலாம். மெஷின் 12 மொழிகளில் பேசியது. பல நாட்டு வீடுகளில் அன்றைக்கு சுழற்றும் தொலைபேசிதான். அதிலிருந்து மெஷினுக்குக் கட்டளை கொடுக்க முடியாது. அதனால் பெற்றோர் அழைப்பை ஒலிம்பிக் கிராமத்தில் இருந்த அவரவர் நாட்டு அலுவலர் எடுத்துப் பெட்டியோடு இணைத்துவிட்டார்.

அதைவிட முக்கியம் அவர்கள் வேலை செய்த விதம். கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதுமுன் பயன்படுத்துபவருக்கான குறிப்புத் தாளை எழுதினார்கள். அதைப் பலரிடம் காட்டி, புரியாத இடத்தைத் திருத்தினார்கள். மாதிரிப் பெட்டி ஒன்றைத் தங்கள் ஆய்வகத்து நடைபாதையில் வைத்து, போகிற வருகிறவர்களையெல்லாம் அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். திணறினால் ஆளைக் குறை சொல்லவில்லை, மெஷினைத் திருத்தினார்கள். இது மட்டும் எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் பின்னால் சொல்லப்போகும் சங்கடம் நேர்ந்திருக்காதோ என்று இன்றும் நினைப்பதுண்டு.

இனி என் நோட்டுக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 1992ல் குரல் அஞ்சல், பேஜர் போன்ற சேவைகளில் தனியார் வரலாம் என்றாயிற்று. தொடர்ந்து ஆபீஸ்களில் மின்னணு தொலைபேசி இணைப்பகம் வைப்பது சகஜமாயிற்று. நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்கு 1999ல் அப்படி ஒன்று வந்தது. அதோடு குரல் பெட்டி அட்டையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். யார் அதை அமைப்பது என்று கேள்வி வந்தது. "அவருக்குப் பிரெஞ்சு தெரியும்" என்று யாரோ சொல்ல, என் தலையில் விழுந்தது. பிரெஞ்சுக்கும் இணைப்பகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஆபீஸில் தெரியாத வேலை எல்லாம் அப்படித்தான் பங்கிடப்படும்.

அமைப்பது கஷ்டமில்லை. ஆபரேட்டர் தொலைபேசியிலிருந்து ஒவ்வொரு உள் எண்ணுக்கும் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். நாலு மணி அடித்து எடுக்காவிட்டால் அழைப்பு பெட்டிக்குப் போக வேண்டும், பேசிக்கொண்டிருந்தால் உடனே போக வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். பெட்டி எண்ணே ஆரம்ப ரகசிய எண்ணாக இருக்கும். அதை உடையவர் மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் தம் பெயரையும் வரவேற்புக் குரலையும் பதிய வேண்டும். சத்தம் கேட்டதும் பேசி, முடிந்ததும் வேலிக்குறியை அழுத்தினால் மெஷின் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மறுபடி. ஒரு சேதிக்கு இரண்டு நிமிஷம். அதற்குமேல் பேசினால் அறுந்துவிடும்.

ஆட்களைப் பேச வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. ஒரு அதிகாரி பதிந்து முடித்த பிறகு போட்டுக் கேட்டால், நடுவில் "சார், டீ" என்று பியூன் குரல். இன்னொருவர் ஐந்து தடவை பதிந்தும் திருப்தியில்லாமல், "என் குரல் இப்படியா இருக்கிறது?" என்று வருத்தப்பட்டார். தணிக்கைப் பிரிவில் இருந்தவர் மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார். "'நான் தற்போது இருக்கையில் இல்லை' என்று நானே வாக்குமூலம் கொடுத்துப் பதிந்து வைப்பதா? நாளைக்கு விசாரணை வந்தால்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அவருக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகம்: "வேறு அலுவலில் ஈடுபட்டிருக்கிறேன்." அதற்கு ஒப்புக்கொண்டார்.

சேதி வந்திருப்பதைத் தெரிவிக்கப் புதுத் தொலைபேசிகளில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு இல்லாதவற்றில் ரிசீவரை எடுத்ததும் டயல் ஒலி விட்டு விட்டுக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "லைன் பழுது" என்று முதல் மாதத்தில் மட்டும் பதினோரு புகார் வந்தது.

பொது வரவேற்பு எந்த மொழியில் என்பதில் வாக்குவாதம். ஆங்கிலம் ஒன்றே போதும் என்றார்கள். எனக்குத் துலோன் பையனின் குரல் நினைவுக்கு வந்தது. எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, கடைசியில் பிரெஞ்சு என்று எழுதிக் குறிப்பு வைத்தேன். கையெழுத்தாயிற்று. தமிழையும் பிரெஞ்சையும் நானே பேசிப் பதிந்தேன். பழைய சுழற்றும் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்காக, எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் ஆபரேட்டருக்குப் போகும்படியும் செய்தேன். 24 பெட்டிக்கும் கையொப்பம் வாங்கிப் பதிவேட்டை மூடினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வருஷம் போலக் கழிந்தது. ஒருநாள் ஆபரேட்டர் வந்து, ஒரு பெட்டி நிறைந்துவிட்டது, அழைப்பவர்களிடம் மெஷின் அப்படியே சொல்கிறது என்றார். ஓய்வூதியப் பிரிவு உதவியாளர் ஒருவருடைய பெட்டி. அவர் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. மேசையும் நாற்காலியும் காலியாக இருந்தன. மேசைமேல் தொலைபேசி மட்டும் இருந்தது. விளக்கு இல்லாத தொலைபேசி. ரிசீவரை எடுத்தால்தானே விட்டு விட்டு ஒலிப்பது தெரியும்? எடுக்க யாரும் இல்லை.

ரகசிய எண்ணை அவர் மாற்றவே இல்லை. நான் திறந்தேன். மொத்தம் முப்பது சேதிகள். பாதிக்கு மேல் பேச்சில்லை, ரிசீவரை வைக்கும் ஓசைதான். மீதியில் மூன்று ஒரே பெண்மணியுடையவை. காரைக்கால் பக்கத்து ஊர். பொது பூத்திலிருந்து பேசியிருக்கிறார். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

முதல் சேதியில் தம் கணவர் பெயரையும், அவர் இறந்த தேதியையும், வேலை பார்த்த ஆபீஸையும் சொன்னார். குடும்ப ஓய்வூதியத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டிருந்தீர்கள், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்ததா என்று தெரிந்தால் போதும் என்றார். பூத் எண்ணைச் சொல்லி, "அந்தத் தம்பிகிட்டச் சொன்னா வந்து சொல்லிடுவாருங்க" என்றார்.

இரண்டாவது, ஆறு வாரம் கழித்து. "ஐயா, நான்தாங்க. போன தடவை சொன்னேனே..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

மூன்றாவதில் அவசரம் தெரிந்தது. மகள் படிப்பு, வீட்டு வாடகை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "தப்பா எடுத்துக்காதீங்கய்யா, அந்த சர்ட்டிபிகேட்டு மட்டும்..." என்னும்போது இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. அறுந்தது. அந்த இரண்டு நிமிஷத்தை வைத்தவன் நான்.

எழுந்து போய்ப் பிரிவில் தேடினேன். அவருடைய பைல் 'சான்றிதழ் எதிர்நோக்கி' என்ற குறிப்போடு கட்டில் இருந்தது. பதிவுத் தபால் முன்னமே வந்து, இன்னொரு கட்டில் சேர்க்கப்படாமல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு அலமாரி தூரம்.

அன்றே இரண்டையும் சேர்த்து நடவடிக்கைக்கு வைத்தேன். பூத்துக்குப் பேசினேன். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்மணி மூச்சிரைக்க லைனில் வந்தார். சான்றிதழ் வந்துவிட்டது, உத்தரவு சீக்கிரம் வரும், தாமதம் எங்கள் தப்பு என்றேன். பேசாமல் போனவர்களைப் போல இவரும் சலித்து விட்டிருக்கலாம், நேரில் வந்து சத்தம் போட்டிருக்கலாம். "ஏம்மா, பதில் இல்லைன்னதும் நேரே வந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"பதில் வந்துச்சுங்களேய்யா" என்றார். "ஒவ்வொரு தடவையும் அந்த ஐயாதான் பேசினாரு. உங்க சேதியைச் சொல்லுங்க, கூடிய சீக்கிரம் கூப்பிடறேன்னு சொன்னாரு. அதான் காத்திருந்தேன்."

நான் என்ன சொல்ல? அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். தமிழில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவனும் நான். தமிழில் இருந்ததால்தான் அந்தப் பெண்மணி அதை நம்பினார். ஆங்கிலமாக இருந்திருந்தால் ஒருவேளை புரியாமல் பஸ் ஏறி வந்திருப்பார், காரியமும் முன்னாலேயே முடிந்திருக்கும்.

பைல் சிக்கலை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாம். ஆபீஸில் அதற்கு வழியுண்டு. மாற்றலாகிப் போனவர், ஆள் போடாத மேலிடம், தபாலைச் சேர்க்காதவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லலாம். ஆனால் 24 பெட்டிகளையும் வைத்தவன், பெட்டி உடையவர் போனால் யார் திறப்பது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. தெருவில் தபால் பெட்டி வைத்தால்கூட எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று தகரத்தில் எழுதி மாட்டுகிறார்களே. அந்தப் புத்தி எனக்கு அன்று வரவில்லை.

மறுநாள் சிவப்பு மையில் ஐந்தாவது பத்தி போட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் உடையவர் ஒருவர், அவர் இல்லாவிட்டால் திறப்பவர் ஒருவர். தினமும் காலை பத்தரைக்குள் ஆபரேட்டர் எல்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். மாற்றல் உத்தரவு வந்தால், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, முத்திரையோடு குரல் பெட்டியும் ஒரு இனம். 'கூடிய சீக்கிரம்' என்ற வார்த்தையை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்தேன். அதற்குப் பதில், "மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று ஆபரேட்டர் எண்ணைச் சொல்ல வைத்தேன். சேதிக்கு நாலு நிமிஷம் கொடுத்தேன். தணிக்கைக்காரர் மட்டும், "இதுவும் வாக்குமூலம்தான்" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பெண்மணிக்கு ஓய்வூதியம் நிலுவையோடு கிடைத்தது. பிறகு ஒருநாள் அலுவலகத்துக்கு மகளோடு வந்திருந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது, பெயரும் தெரியாது. வரவேற்பில் நான் யாரிடமோ பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்கதானே அந்த பூத்துக்குப் பேசினீங்க?" என்று குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இணைப்பகம் போய்விட்டது. கைபேசி வந்தது. நம் ஜனங்கள் குரல் பெட்டியை ஏற்கவே இல்லை, மிஸ்டு கால் போதும் என்றார்கள். காசில்லாமல் சேதி சொல்ல அதைவிட வழி ஏது? 2013ல் வாட்ஸ்அப்பில் குரல் சேதி வந்த பிறகு, அமெரிக்காக்காரர்கள் ஆபீஸுக்கென்று செய்த சமாசாரம் நம் கிழவிகள் கைக்கே வந்து சேர்ந்தது. அதில் நாம் அனுப்பிய குரலை அந்தப் பக்கம் கேட்டுவிட்டால் மைக் படம் நீலமாகும். காரைக்கால் பெண்மணிக்கு அந்த நீலம் மட்டும் இருந்திருந்தால், யாரும் கேட்கவில்லை என்பதாவது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

நீல நோட்டை மறுபடி பரணில் போட மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மருமகள் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மாமா, எடைக்குப் போட்டுடலாமே?" என்றாள். இதை எழுதி முடித்த பிறகு சொல்கிறேன் என்றேன். எழுதி முடித்துவிட்டேன். இன்னும் போட மனம் வரவில்லை.